பயங்கரவாத வழக்கில் தூக்கிலிருந்து கருணை: தருமபுரியிலிருந்து ஒரு பதில்

பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பயங்கரவாதக் குற்றத்தில் உச்ச நீதிமன்றம் வரை தூக்கு உறுதியானவனுக்குக் கருணை மனு எதற்கு? அவன் கொன்றவர்களுக்கு யார் கருணை காட்டினார்கள்? காலமெல்லாம் நம் வரிப்பணத்தில் சோறு போட்டுவிட்டு, கடைசியில் ஏதாவது தலைவர் நூற்றாண்டு விழாவுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். இது நியாயமா?"

தம்பி, உங்கள் கோபத்தில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவனைத் தூக்கிலிருந்து இறக்கலாமா என்பது ஒன்று. அவனைச் சிறையிலிருந்து வெளியே விடலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், ஆம், பயங்கரவாத வழக்கிலும் இறக்கலாம், இறக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் கூடாது என்பேன். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் கருணை என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஊரில் பலருக்குக் குமட்டுகிறது. தருமபுரி நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததையும் நான் நம்புவதையும் முழுவதுமாகச் சொல்கிறேன்.

முதலில் நம் பக்கத்து விஷயங்களையே எடுத்துக்கொள்வோம். நமக்கு இது டெல்லிக்காரர்கள் பேசும் விவாதம் இல்லை.

1993 ஏப்ரல் 9 அன்று, மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், பாலாறு அருகே வீரப்பன் கூட்டம் கண்ணிவெடி வைத்தது. 22 பேர் இறந்தார்கள். காவலர்கள், வனத்துறையினர், அவர்களுக்குத் தகவல் சொல்லவும் வழிகாட்டவும் போன சாதாரண ஊர்க்காரர்கள். அது தடா, அதாவது அப்போதிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கு. சட்டத்தின் பார்வையில் பயங்கரவாதச் செயல்.

2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி வந்த சில மணி நேரத்தில், இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டது. கல்விச் சுற்றுலா வந்த மாணவிகளில் மூன்று பேர் உள்ளேயே கருகினார்கள். அது தடா வழக்கும் இல்லை, தடாவுக்குப் பின் அதே நோக்கத்தோடு வந்த பொடா சட்டத்தின் வழக்கும் இல்லை. சாதாரணக் கொலை வழக்கு.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதான 19 வயதுப் பேரறிவாளன் நம் பக்கத்து ஜோலார்பேட்டைக்காரர். நாடே அதைப் பயங்கரவாத வழக்கு என்றுதான் நினைத்தது. தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஆனால் 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதக் குற்றம் இங்கே நிரூபணமாகவில்லை என்றது. 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னாள் பிரதமரைக் கொன்ற வழக்கு சட்டப்படி பயங்கரவாதம் இல்லை. ஒரு தீர்ப்புக்காக ஊரையே மிரட்ட, சம்பந்தமே இல்லாத பெண்பிள்ளைகள் இருந்த பேருந்துக்குத் தீ வைத்ததும் சட்டப்படி பயங்கரவாதம் இல்லை. காட்டுக் கடத்தல்காரன் வைத்த வெடி பயங்கரவாதம். "பயங்கரவாதி" என்ற முத்திரை, எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவானது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. குற்றத்தின் கொடூரத்துக்கு அது அளவுகோல் ஆகாது. இந்த முத்திரை விழுந்தவனுக்கு மட்டும் கருணைக் கதவை அடைக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள், எந்த அடிப்படையில் அடைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனிக் கருணை மனு என்றால் என்ன என்று பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவு ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்க, நிறுத்திவைக்க, குறைக்க, மாற்ற அதிகாரம் தருகின்றன. அவர்கள் தங்கள் மனம் போனபடி செய்ய முடியாது. அமைச்சரவையின் அறிவுரைப்படிதான் நடக்க வேண்டும் என்று மாரு ராம் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் இதை நேரடியாகச் சொன்னது. 1999 அக்டோபரில் ஆளுநர் ஃபாத்திமா பீவி, ராஜீவ் வழக்கில் தூக்கு உறுதியான நளினி உட்பட நால்வரின் மனுக்களை அமைச்சரவையைக் கேட்காமல் தள்ளுபடி செய்தபோது, அந்த உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு அமைச்சரவை கூடி, 2000 ஏப்ரலில் நளினியின் தூக்கு ஆயுளானது. சோனியா காந்தியே நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். கணவனை இழந்தவர் அவர்.

உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த பின் அதற்கு மேல் என்ன என்று கேட்கிறீர்கள். நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்ட சான்றை, சட்டம் அனுமதித்த வழியில் மட்டும்தான் பார்க்கும். பத்து வருடம் கழித்துச் சாட்சி உண்மையைச் சொன்னால், கைதிக்குப் புத்தி பேதலித்துவிட்டால், மூன்று நீதிபதிகளில் ஒருவர் இவன் குற்றமே செய்யவில்லை என்று எழுதியிருந்தால், அதையெல்லாம் எடுத்துப் பார்க்க ஓரிடம் வேண்டும். இந்திரா காந்தி கொலை வழக்கின் கேஹர் சிங் மனுவில் அரசியல் சாசன அமர்வே, குடியரசுத் தலைவர் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து நீதிமன்றத்திலிருந்து மாறுபட்ட முடிவுக்கு வரலாம் என்று 1988 டிசம்பரில் சொன்னது. எந்த வழக்கில் சொன்னது பாருங்கள். பிரதமரைக் கொன்ற வழக்கில். (கேஹர் சிங்கை அடுத்த மாதமே தூக்கிலிட்டார்கள் என்பது வேறு.)

இப்போது என் முதன்மையான காரணத்துக்கு வருகிறேன். தவறு நடக்க மிக அதிக வாய்ப்புள்ள வழக்குகள் பயங்கரவாத வழக்குகள்தான்.

சாதாரணக் கொலை வழக்கில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. பிரிட்டிஷ்காரன் காலத்துச் சட்டமே அதை ஒப்புக்கொள்ளவில்லை. தடாவும் பொடாவும் அதை மாற்றின. காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த வாக்குமூலம் சான்றாகும் என்றன. ராஜீவ் வழக்கில் தடா குற்றம் நிற்கவில்லை என்று சொன்ன பிறகும், தடாவின்கீழ் எடுத்த வாக்குமூலங்களை வைத்தே கொலைக் குற்றம் உறுதியானது. பேரறிவாளன் 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது வழக்கு. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்குத் தேதி குறித்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 30 அன்று தடை போடாமல் இருந்திருந்தால், அந்த அதிகாரியின் மனசாட்சி இரண்டு வருடம் தாமதமாக வந்திருக்கும்.

அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் 2002 செப்டம்பரில் நடந்தது. பொடா வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம், தூக்குக் கைதிகள் மூவர் உட்பட ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. விசாரணை நடந்த விதத்தையே கடுமையாகக் கண்டித்தது. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் 2015-ல் 12 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அதில் ஐந்து பேருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது, அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், ஐந்து பேரைத் தூக்கில் போடலாம் என்று ஒரு நீதிமன்றமும், அவர்கள்மீது ஒன்றும் நிரூபணமாகவில்லை என்று அதன் மேல் நீதிமன்றமும் சொல்லக்கூடிய வழக்குகள் இவை.

ஏன் இப்படி? குண்டு வெடித்த மறுநாள் நாடு முழுவதும் குற்றவாளி எங்கே என்று கேட்கிறது. போலீஸுக்கு யாரையாவது நிறுத்தியாக வேண்டும். நம் மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீருடை போட்டவர்கள் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை அரூர் வாச்சாத்தியில் 1992 ஜூனில் ஊரையே சூறையாடிப் பெண்களைச் சீரழித்தபோது பார்த்தோம். அதற்குத் தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்களும் குற்றவாளிகள் என்று இதே தருமபுரி நீதிமன்றம் சொன்னது. வீரப்பன் தேடுதலில் மலைக் கிராமங்களில் அதிரடிப் படை செய்த சித்திரவதைகளை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது, பின்னர் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் தரச் சொன்னது. அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட கைகளால் சேகரிக்கப்பட்ட சான்றின்மேல் ஒரு கயிற்றைத் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

பாலாறு வழக்குக்கே திரும்புவோம். மைசூர் தடா நீதிமன்றம் 2001-ல் நான்கு பேருக்கு ஆயுள் விதித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2004 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், தானாக முன்வந்து, ஆயுளைத் தூக்காக உயர்த்தியது. சாட்சிகளை நேரில் பார்த்து விசாரித்த நீதிபதி ஆயுள் போதும் என்றார். ஏடுகளைப் பார்த்த நீதிபதிகள் போதாது என்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டியில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். தலைவன் நீதிமன்றப் படியே ஏறாமல் போய்ச் சேர்ந்தான். இந்த நால்வர் கயிற்றை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கருணை மனு 2013 பிப்ரவரியில், ஒன்பது வருடம் கழித்து, நிராகரிக்கப்பட்டது.

பயங்கரவாத வழக்குகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. 1993 மும்பை குண்டுவெடிப்பில் சதித்திட்டம் போட்ட டைகர் மேமனும் தாவூதும் கிடைக்கவில்லை, யாகூப் மேமன் 2015 ஜூலை 30 அன்று நாக்பூரில் தூக்கிலிடப்பட்டார். ராஜீவ் வழக்கில் குண்டைக் கட்டி வந்த தணுவும் அவளை ஏவிய சிவராசனும் செத்துப்போனார்கள், பேட்டரி வாங்கியவர் தூக்குக் கொட்டடிக்குப் போனார். மும்பை 26/11-ல் கசாப் தூக்கில், அவனை ஏவியவர்கள் எல்லைக்கு அப்பால். திட்டம் போட்டவன் அகப்படுவதில்லை, அகப்பட்டவன் மேல் மொத்தப் பழியும் இறங்குகிறது. தூக்கு "அரிதிலும் அரிதான" வழக்குக்கு மட்டுமே என்று 1980-ல் பச்சன் சிங் தீர்ப்பு சொன்னபோது, குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார் என்றது. பயங்கரவாத வழக்குகளில் குற்றத்தின் பிரம்மாண்டம் குற்றவாளியை மறைத்துவிடுகிறது. இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு, இந்த ஒருவன் அதில் என்ன செய்தான் என்று கேட்பதே பாவம் போல ஆகிவிடுகிறது. அதைக் கேட்பதற்குத்தான் கருணை மனு இருக்கிறது.

இனி எதிர்த்தரப்பு. அதில் வலுவான வாதங்கள் இருக்கின்றன, மழுப்ப மாட்டேன்.

உயிரோடு வைத்திருந்தால் கூட்டாளிகள் யாரையாவது கடத்தி அவனை விடுவிக்கச் சொல்வார்கள் என்பது ஒன்று. 1999 டிசம்பரில் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட விமானத்துக்காக மசூத் அசார் உள்ளிட்ட மூவரை விட்டோம். நமக்கு அதைவிடப் பக்கத்து உதாரணம் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியது. 2000 ஜூலை 30 அன்று தாளவாடி பக்கம் காஜனூரில் கடத்தப்பட்டவர், 108 நாள் காட்டில் இருந்தார். வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது மைசூர் சிறையில் இருந்த தடா கைதிகளை விட வேண்டும் என்பது. கர்நாடக அரசு தயாரானது. வீரப்பனால் கொல்லப்பட்ட ஓர் உதவி ஆய்வாளரின் வயதான தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அதைத் தடுத்து நிறுத்தினார். நான் மிகவும் மதிக்கும் வழக்கு அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மசூத் அசாரும் சரி, மைசூர்க் கைதிகளும் சரி, அப்போது விசாரணைக் கைதிகளாகவும் காவலில் இருந்தவர்களாகவும்தான் இருந்தார்கள். எவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டிருக்கவில்லை. தூக்குத் தண்டனை இருந்தும் அந்தக் கடத்தல்கள் நடந்தன. கைது செய்த நாளிலிருந்தே இந்த ஆபத்து இருக்கிறது. அதற்கு மருந்து, அந்தத் தந்தை செய்ததுபோல் விடுதலையைத் தடுப்பது. விசாரணையே முடியாதவனை எந்தக் கயிறும் தொடப்போவதில்லை.

தூக்கு இருந்தால் பயப்படுவார்கள் என்பது அடுத்தது. இடுப்பில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவனிடம் கயிற்றைக் காட்டி என்ன பயன்? இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

சட்ட ஆணையம் இதில் எடுத்த நிலை விசித்திரமானது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் 2015 ஆகஸ்டில் தந்த 262ஆம் அறிக்கையில், பயங்கரவாதமும் அரசுக்கு எதிரான போரும் தவிர மற்ற எல்லாக் குற்றத்துக்கும் தூக்கை ஒழிக்கலாம் என்றது. அதே அறிக்கை, பயங்கரவாதத்தை மட்டும் தனியாக வைக்கத் தண்டனையியல் ரீதியாக ஏற்கத்தக்க காரணம் இல்லை என்றும், நாட்டின் பாதுகாப்பு பற்றிய அச்சம் எழுப்பப்படுவதால் விட்டுவைப்பதாகவும் ஒப்புக்கொண்டது. காரணம் இல்லை என்று எழுதிவிட்டு விதிவிலக்கை வைத்தார்கள். நல்ல அறிக்கை, கடைசிப் படியில் தயங்கிவிட்டது என்பது என் கருத்து.

"கசாபுக்குமா?" என்று கேட்பீர்கள். இதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையானவன் இல்லை. 166 பேர் கொல்லப்பட்ட தாக்குதல், துப்பாக்கியோடு கேமராவில் பதிவானவன், உயிரோடு பிடிபட்டவன். அவன் விஷயத்தில் ஆள் மாறிவிட்டது என்ற வாதத்துக்கு இடமில்லை. 2012 நவம்பர் 21 அன்று புனே எரவாடாவில் தூக்கிலிட்டார்கள். அப்போதும் நான் உடன்படவில்லை, இப்போதும் உடன்படவில்லை. அந்தச் சதியில் பாகிஸ்தானிலிருந்து பேசியவர்களை அடையாளம் காட்டக்கூடிய உயிருள்ள சான்று அவன். அவனுக்கு இந்தி சொல்லிக்கொடுத்ததாகக் கருதப்பட்ட அபு ஜிண்டால் அதே ஆண்டு ஜூனில்தான் நம் கைக்கு வந்திருந்தான். அந்த விசாரணை நடந்து முடிவதற்குள் கசாபை அனுப்பிவிட்டோம். பிறகு அந்த வழக்கில் சாட்சி சொன்னது யார்? அமெரிக்கச் சிறையில் 35 வருடத் தண்டனையில் இருந்த, அந்தத் தாக்குதலுக்காக மும்பையை உளவு பார்த்த டேவிட் ஹெட்லி. 2016 பிப்ரவரியில் வீடியோ வழியாக மும்பை நீதிமன்றத்தில் பேசினான். அவனைத் தூக்கிலிடுவதில்லை, இந்தியாவுக்கு ஒப்படைப்பதும் இல்லை என்று உறுதி கொடுத்துத்தான் அமெரிக்கா அவனைப் பேச வைத்தது. அவனை இந்தியாவிடம் தராதது எனக்குக் கசப்புதான். ஆனால் உயிரோடு இருந்தவன் நமக்குச் சாட்சி சொன்னான் என்பதை மறுக்க முடியாது.

கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். முதன்மைக் குற்றவாளி பாஷாவுக்கு ஆயுள்தான் விதித்தார்கள். தூக்குக் கயிறு இல்லாததால் தூக்கு நாளை எண்ணிக் காத்திருக்க யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில், பரோலில் இருந்தபோது, முதுமையில் இறந்தார். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் அப்சல் குருவை நினைத்துப் பாருங்கள். 2013 பிப்ரவரி 9 அன்று திகாரில் ரகசியமாகத் தூக்கிலிட்டு அங்கேயே புதைத்தார்கள். மனு நிராகரிக்கப்பட்டது என்று குடும்பத்துக்கு அனுப்பிய ஸ்பீட் போஸ்ட் தபால் பிப்ரவரி 11 அன்று காஷ்மீர் போய்ச் சேர்ந்தது. அப்படிச் செய்ததால் நாட்டுக்குப் பாதுகாப்பு எவ்வளவு கூடியது?

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொன்ன வழக்குகள் பலவற்றில் தூக்கு ரத்தானது அதனால்தான். ராஜீவ் வழக்கு மூவரின் மனு குடியரசுத் தலைவரிடம் 11 ஆண்டுக்கு மேல் கிடந்தது. டெல்லி குண்டுவெடிப்பு வழக்கின் புல்லரை, உச்ச நீதிமன்ற அமர்வில் ஒரு நீதிபதி நிரபராதி என்றார், இருவர் தூக்கு என்றார்கள். கருணை மனு எட்டு வருடம் காத்திருந்தது, அதற்குள் அவருக்கு மனநோய் முற்றியது. 2013 ஏப்ரலில் ஓர் அமர்வு, பயங்கரவாதிகளுக்குத் தாமதம் ஒரு காரணமாகாது என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளியது. உங்கள் கருத்து அப்படியே தீர்ப்பானது அப்போதுதான். ஒன்பதே மாதத்தில், 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சவுகான் வழக்கில் மூன்று நீதிபதிகள் அது தவறு என்றார்கள். எந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவன் என்று பார்த்துப் பிரிக்க முடியாது, விளக்கமில்லாத நீண்ட தாமதம் எவனுக்கும் சித்திரவதைதான் என்றார்கள். அன்று 15 பேரின் தூக்கு ஆயுளானது. நம் பாலாறு வழக்கின் நால்வரும் அதில் இருந்தார்கள். அடுத்த மாதம் ராஜீவ் வழக்கு மூவர், மார்ச்சில் புல்லர். பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் கொலை வழக்கின் ரஜோனாவுக்காக 2012-ல் கொடுத்த மனுவோ பல அரசுகளைக் கண்டுவிட்டு அப்படியே நின்றது. ஆம் என்றால் ஓட்டுப் போகும், இல்லை என்றால் ஊர் எரியும் என்று அரசுகள் கோப்பைத் தள்ளிக்கொண்டே போகின்றன. இதில் கைதி மட்டும் சாகவில்லை. இறந்தவர்களின் வீட்டார் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மறுபடி அந்த நாளைப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, எனக்கு நெஞ்சு கனக்கும் பகுதி. இலக்கியம்பட்டி.

அந்த வழக்கு முதலில் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். எரித்தவர்களின் கட்சி ஆட்சியில் இருந்தது. இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றம் போனதால்தான் வழக்கு சேலத்துக்கு மாறி மறுபடி நடந்தது. 2007 பிப்ரவரியில் மூன்று பேருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றமும் 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. 2016 மார்ச்சில் மறுசீராய்வில் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. கூட்ட வெறியில் நடந்தது, அந்த மாணவிகளைக் கொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடவில்லை என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது இங்கே சிலருக்கு மனக்குறை இருந்தது, ஆனால் ஊர் கொதிக்கவில்லை. ஆயுள் என்றால் ஆயுள் என்று நம்பினார்கள்.

2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு மூவரையும் விடுதலை செய்தார்கள். ஆளுநர் ஒருமுறை கோப்பைத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை மறுபடி அனுப்பியது, கையெழுத்தானது. விடுவித்த அரசு, அவர்கள் எந்தக் கட்சிக்காகப் பேருந்தைக் கொளுத்தினார்களோ அதே கட்சியின் அரசு. அதே ஆண்டு செப்டம்பரில் ராஜீவ் வழக்கின் எழுவரை விடுவிக்க அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை அதே ஆளுநர் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, 2021-ல் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். கடைசியில் 2022-ல் உச்ச நீதிமன்றம்தான் அவர்களை விடுவித்தது. பேருந்து எரிப்பு மூவருக்கு அவ்வளவு அவசரம், மற்றவர்களுக்கு அவ்வளவு தாமதம். எதை வைத்து? குற்றத்தை வைத்தா, திருந்தியதை வைத்தா, ஆதரவு எங்கே இருந்தது என்பதை வைத்தா? பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

எனவே தருமபுரிக்காரர்களின் கசப்பு 2016-ல் கயிறு விலகியதால் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 2018-ல் கதவு திறந்ததால் வந்தது. அதைக் காட்டி, "பார், கருணை காட்டினால் இதுதான் கதி, தூக்கில் போட்டால்தான் நிம்மதி" என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விடுதலையைத் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ராஜீவ் வழக்கிலிருந்தே பிறந்த ஸ்ரீஹரன் தீர்ப்பில், 2015 டிசம்பர் 2 அன்று, அரசியல் சாசன அமர்வு, தூக்குக்குப் பதிலாக இத்தனை ஆண்டு வரை அல்லது சாகும்வரை தண்டனைக் குறைப்பே கிடையாது என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ ஆயுள் விதிக்கலாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது. குடியரசுத் தலைவரின் கருணை ஆணைகள் சிலவற்றிலும், மீதி வாழ்நாள் முழுவதும் சிறை, குறைப்பு இல்லை என்ற நிபந்தனை வைக்கப்பட்டிருக்கிறது. பயங்கரவாத வழக்கில் தூக்கை மாற்றும்போது இதை வழக்கமாக்க வேண்டும் என்பது என் நிலை. பின்னால் ஒருவன் நிரபராதி என்று தெரிந்தாலோ, மரணப் படுக்கையில் இருந்தாலோ தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். தலைவர்கள் பிறந்தநாளுக்குக் கும்பலாக விடும் பட்டியலில் அந்தப் பெயர் ஏறவே கூடாது.

சோற்றுக்கணக்கை நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1995 ஏப்ரல் 27 அன்று, பக்கத்துச் சேலம் மத்திய சிறையில், ஆட்டோ சங்கருக்கு. அதன் பிறகு இத்தனை வருடம் எத்தனையோ கொடூரக் குற்றவாளிகளுக்கு இந்த மாநிலம் சோறு போட்டிருக்கிறது. அதனால் கஜானா காலியாகவில்லை.

புதிய சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு, கருணை மனுவை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், மாநிலத்தின் கருத்து வந்த 60 நாளுக்குள் மத்திய அரசு பரிந்துரை செய்ய வேண்டும், முடிவை 48 மணி நேரத்தில் சிறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் முடிவெடுக்கக் குடியரசுத் தலைவருக்குக் காலவரம்பு இல்லை. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாலாறு நால்வரையும் புல்லரையும் காப்பாற்றியது அந்த நீதிமன்ற ஆய்வுதான். அதை ஒரு சாதாரணச் சட்டத்தால் பறிக்க முடியாது என்றுதான் நான் வாதிடுவேன். பாதிக்கப்பட்டவர் வீட்டாரைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. தண்டனை குறைப்பதற்கு முன்பும், முன்விடுதலைப் பட்டியல் தயாராவதற்கு முன்பும் அவர்களுக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கோப்பில் சேர்க்க வேண்டும். அதற்காக நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்விடுதலையைப் பொறுத்தவரை நம் மாநில உள்துறை நாளைக்கே ஓர் அரசாணை போடலாம்.